எடுக்காதே, தம்பி! தாய் தேடும்!

காங்கேயத்தை அடுத்த ஒரு கொறங்காடு. மேய்ச்சல் முடிந்து மாடுகள் வீடு திரும்பும் நேரம். கிளுவை வேலியின் ஓரத்தில் ஒரு குருவிக் குஞ்சு கிடக்கிறது. பையன் ஒருவன் அதைப் பார்க்கிறான். பாவம் என்று நினைக்கிறான். சட்டைக்குள் பொதிந்து வீட்டுக்குக் கொண்டு வருகிறான்.

“அம்மிச்சி, இதுக்குக் கொஞ்சம் பால் ஊத்தட்டுங்களா?” என்று கேட்கிறான்.

அம்மிச்சியும் மனம் இளகி ஒரு சங்கில் பால் கொண்டு வருகிறாள். மறுநாள் காலையில் குஞ்சு செத்துக் கிடக்கிறது. பையன் அழுகிறான். “அதுக்கு ஆயுசு அவ்வளவுதான், கண்ணு” என்று அம்மிச்சி தேற்றுகிறாள்.

ஆயுசு அவ்வளவுதானா? இல்லை! குஞ்சைக் கொன்றது விதி அல்ல. அறியாமல் காட்டிய அன்பு!

அது அநாதை அல்ல

தரையில் கிடக்கும் குஞ்சு எல்லாம் அநாதை என்று நினைப்பதுதான் முதல் தவறு.

உடம்பு முழுவதும் இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருக்கிறதா? தத்தித் தத்தி நடக்கிறதா? அப்படியானால் அது கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு அல்ல. பறக்கப் பழக வந்த குஞ்சு. நடை பழகும் குழந்தை விழுந்து எழுவது போல, அதுவும் சில நாட்கள் தரையிலும் புதரிலும் தத்தித்தான் திரியும். தாயும் தந்தையும் பக்கத்துக் கிளையில் இருக்கும். மனிதன் நிற்பதால் கீழே இறங்க அஞ்சும்.

அந்தக் குஞ்சை வீட்டுக்கு எடுத்து வருவது அடைக்கலம் ஆகாது. அது பிள்ளை பிடிப்பது!

“பூனை பிடித்துவிடுமே!” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பக்கத்தில் உள்ள புதரிலோ, தாழ்ந்த கிளையிலோ குஞ்சை வைத்துவிட்டு விலகிப் போகலாம். பூனையைக் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் அடைக்கலாம்.

கண் திறக்காத குஞ்சு

இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சு விழுந்து கிடந்தால்? கூடு கைக்கு எட்டினால் அதிலேயே திருப்பி வைக்க வேண்டும். கூடு சிதைந்திருந்தால், அடியில் துளையுள்ள சிறு கூடையில் காய்ந்த புல்லைப் பரப்பி, அதே மரத்தில் கட்டி, குஞ்சை அதில் வைக்கலாம்.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மை அல்ல. கை பட்டதற்காகப் பெற்ற குஞ்சைத் தாய் கைவிடாது. தொலைவில் மறைந்து நின்று ஒரு மணி, இரண்டு மணி நேரம் பார்த்தால் தாய் வருவது தெரியும்.

பாலும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்

பறவைக்கு மாட்டுப் பால் செரிக்காது. வாயில் தண்ணீர் ஊற்றுவது இன்னும் ஆபத்து. பறவையின் மூச்சுக்குழலின் வாய், நாக்குக்குப் பின்னால் திறந்திருக்கிறது. ஊற்றும் நீர் அதன் வழியே நுரையீரலுக்குப் போய்விடும். குஞ்சு மூச்சு முட்டிச் சாகும்.

தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஓயாமல் ஊட்டுகிறது. புறாவோ, தன் தீனிப்பையில் சுரக்கும் ஒரு வகைப் பாலைக் கொடுக்கிறது. இதையெல்லாம் எந்த வீட்டில் செய்ய முடியும்?

தப்பிப் பிழைத்தாலும் தொல்லைதான். கையில் வளர்ந்த குஞ்சுக்கு மனிதனைக் கண்டு அஞ்சத் தெரியாது. இரை தேடத் தெரியாது. வெளியே விட்டால் சாகும். கூண்டில் அடைத்தால் குற்றம். கிளி, மயில் போன்ற காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வயலில் கிடைத்த மயில் முட்டையைக் கோழிக்கு அடை வைப்பதும் கூடாது.

தாய் செத்துவிட்டது உறுதியா? குஞ்சுக்குக் காயமா? பூனை கடித்ததா? அப்போது மட்டும் கையில் எடுக்கலாம். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டும் கதகதப்பும் உள்ள இடத்தில் வைத்து, வனத்துறை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். காயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

அநாதை ஆக்குவது யார்?

இவ்வளவு தூரம் குஞ்சுக்கு இரங்குகிற நாம், அதன் வீட்டுக்கு இரங்குகிறோமா?

காங்கேயம் காளையை வளர்த்தது கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், கிளுவை வேலியும் சேர்ந்ததே கொறங்காடு. அந்த முள்வேலிதான் தவிட்டுக்குருவிக்கும் கள்ளிப்புறாவுக்கும் தொட்டில். வேலியை வெட்டிக் கம்பி கட்டினால் தொட்டில் போயிற்று. வேலி ஓரத்துக்குத் தீ வைத்தால், தரையில் முட்டையிடும் கௌதாரியின் குடும்பமே போயிற்று. அநாதைக் குஞ்சுகளை உண்டாக்குவது புயலும் மழையும் மட்டும் அல்ல. அரிவாளும் தீக்குச்சியும்கூட!

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ஆம் ஆண்டு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். தெருவிளக்கின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரார் தெருவிளக்கைப் போடவே இல்லை! இருட்டில் நடந்தார்கள். குஞ்சை யாரும் எடுத்து வளர்க்கவில்லை. வளர இடம் விட்டார்கள். இதுதான் உண்மையான வளர்ப்பு.

கொங்கு நாட்டு விவசாயிகள் அவ்வளவு கூடச் செய்ய வேண்டியதில்லை. வேலியை வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று ஒரு நோட்டம் பார்த்தால் போதும். இருந்தால் சில வாரம் பொறுத்தால் போதும். அந்தப் பையனின் அம்மிச்சியும் அடுத்த முறை பால் சங்கைத் தேடமாட்டாள்.

“எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வா, கண்ணு. அதோட ஆத்தா தேடும்” என்பாள்.