கதை கைமாறும்போது



சென்ற இதழில் நமது சிறுவர் பகுதி பற்றி உங்கள் எண்ணத்தைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் இரண்டு என் மேசையை விட்டு நகரவேயில்லை. ஒன்று வத்தேகமையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது. அம்புலிமாமா சஞ்சிகை நின்றுபோன துக்கம் தனக்கு இன்னும் ஆறவில்லை என்கிறார். மற்றது இங்கே மடவளையில் உயர்தரம் படிக்கும் மாணவருடையது. அவருடைய நானா அலுமாரி நிறைய 'ஸ்டார் வோர்ஸ்' நாவல்களைச் சேர்த்து வைத்திருக்கிறாராம். டிஸ்னி நிறுவனம் அந்தப் பெயரை வாங்கிய பிறகு அந்த நாவல்களெல்லாம் செல்லாத கதைகளாகிவிட்டன, இது நியாயமா என்று கேட்கிறார். ஒருவருக்குப் பேரன் வயதில் இருப்பவர் மற்றவர். ஆனால் இருவரும் எழுதியிருப்பது ஒரே வலியைத்தான். ஆகவே இருவருக்கும் சேர்த்து இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன்.

மாணவர் சொல்வது உண்மை. 2012 ஒக்டோபரில், ஸ்டார் வோர்ஸ் படங்களை எடுத்த லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சுமார் 400 கோடி டொலருக்கு வாங்குவதாக டிஸ்னி அறிவித்தது. 2014 ஏப்ரலில் இன்னோர் அறிவிப்பு வந்தது. திரைப்படங்களுக்கு வெளியே நாவலாகவும் சித்திரக்கதையாகவும் பல்லாண்டுகளாக எழுதப்பட்டவை இனி 'பழங்கதைகள்' என்ற தலைப்பின் கீழ் போகும், புதிய படங்கள் அவற்றைக் கணக்கில் எடுக்கா என்றார்கள். 1991இல் திமோதி ஸான் எழுதிய நாவலில் தொடங்கி, படங்களின் நாயகர்களான லூக்கும் லேயாவும் தனித்தனியே குடும்பமாகி, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, சண்டையிட்டு, இறந்தும் போன கதைகள் அவை. அந்தப் பிள்ளைகளோடு கூடவே வளர்ந்த வாசகருக்கு எப்படி இருந்திருக்கும்! புத்தகம் கையில் இருக்கிறது, ஆனால் அதில் நடந்தவை எதுவும் நடக்கவில்லை என்று ஒரு கம்பனி சொல்கிறது.

டிஸ்னிக்கும் ஒரு நியாயம் இருந்தது. நூற்றுக்கணக்கான நாவல்கள் முடித்து வைத்த வாழ்க்கைகளுக்குள் புதுப்படத்துக்கு இடம் தேடுவது எந்தக் கதாசிரியருக்கும் கடினம். பழைய நூல்களை அவர்கள் அழித்துவிடவும் இல்லை. 2021இலிருந்து அவற்றில் பலவற்றைப் புதுப்பதிப்பாகவே வெளியிட்டார்கள். ஸான் படைத்த த்ரோன் என்ற தளபதியைத் தமது தொடருக்குள் திரும்ப அழைத்தும் கொண்டார்கள். வாசகர்கள் சோர்ந்து அடங்கிப் போயிருந்தால் இவை நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அம்புலிமாமாவின் கதை இதைவிடத் துயரமானது. ஏனென்றால் அது நம்முடையது.

1947 ஜூலையில், இந்தியா சுதந்திரம் பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய சஞ்சிகை அது. தெலுங்கிலும் தமிழிலும் பிறந்து பல மொழிகளுக்குப் பரவியது. 1978இல் சிங்களத்திலும் வந்தது என்பதை நம்மில் பலர் மறந்திருப்போம். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த பழைய பிரதிகள் இந்த மலைநாட்டில் வீடு வீடாகக் கைமாறின. அட்டை கிழிந்த இதழுக்குப் பழுப்புக் கடதாசியில் உறை போட்டுப் படித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அந்தச் சஞ்சிகையின் உயிர் விக்கிரமாதித்தனும் வேதாளமும். வடமொழியில் வேதாளம் சொன்ன கதைகள் 25தான். மாதம் ஒன்று என்றால் இரண்டு வருடத்தில் முடிந்துவிட்டிருக்க வேண்டும். அம்புலிமாமாவில் அது பல தசாப்தங்கள் ஓடியது. ஆசிரியர் குழுவில் நெடுங்காலம் இருந்த கொடவட்டிகண்டி குடும்பராவும் அவரோடு இருந்தவர்களும் வெவ்வேறு நாட்டுக் கதைகளை எடுத்து, முடிவில் ஒரு தர்மசங்கடமான கேள்வி எழும்படி செதுக்கி, வேதாளத்தின் வாயில் வைத்தார்கள். ராஜா பதில் சொன்னதும் வேதாளம் குடிகொண்ட பிணம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். கையில் வாள், தோளில் பிணம், அஞ்சாத நடை: ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்க்காமல் எங்கள் தலைமுறையில் யாரும் வளரவில்லை. கே. சி. சிவசங்கரன் என்பது அவருடைய முழுப்பெயர். சுமார் அறுபது வருடம் அங்கேயே வரைந்து, 2020 செப்டெம்பரில் காலமானார்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், பழைய கதைக்கு வாரிசாக இருப்பது எப்படி என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இதுதான். 25 கதைகளில் ஒன்றைக்கூட அவர்கள் பொய்யாக்கவில்லை. பக்கத்தில் புதிதாக வைத்துக்கொண்டே போனார்கள். எது பழையது, எது இவர்கள் சேர்த்தது என்று படிக்கிற பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் அம்புலிமாமாவை வாங்கியது. வாங்கியவர்கள் கதையை வெறுத்தவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோரும் படிக்க வைத்தார்கள், அது பெரிய காரியம். ஆனால் சஞ்சிகையின் தோற்றமும் உள்ளடக்கமும் மாறின. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் விளையாட்டும் நவீனக் கதைகளும் வேண்டும் என்று பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். பழைய வாசகர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு நிறுவனமே கடனில் மூழ்கியது. 2013இல் சஞ்சிகை நின்றது. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. சில வருடங்களில் இணையத்தளமும் இல்லாமற் போனது. வாசகர்கள் முன்பே தரவிறக்கி வைத்திராவிட்டால் அந்த ஸ்கேன் பிரதிகளும் அதோடு போயிருக்கும்.

வத்தேகமை ஆசிரியைக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் துக்கம் சிறுபிள்ளைத்தனம் இல்லை. வீட்டை வாங்குகிறவர் சுவருக்குப் புது நிறம் பூசலாம், அறை கூட்டிக் கட்டலாம். ஊரே தண்ணீர் அள்ளிய கிணற்றை அவர் தூர்ந்துபோக விட்டால் ஊர் கேட்கத்தான் செய்யும்.

நல்லபடியாகக் கைமாறிய கதையும் உண்டு. இரும்புக்கை மாயாவியை மறந்திருக்கமாட்டீர்கள். 1962இல் இலண்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியது அந்தத் தொடர். வரைந்தவர் ஸ்பானியரான ஜெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் அந்த மனிதனை 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் தனது முதல் இதழிலேயே தமிழுக்குக் கொண்டுவந்தது. பிறந்த நாட்டில் அவன் மறக்கப்பட்டு, உரிமை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க் கிடந்த வருடங்களிலும், தமிழ் வாசகர்கள் மறுபதிப்பு கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2018இல் ஒக்ஸ்போர்டின் ரெபெல்லியன் நிறுவனம் மாயாவியும் அடங்கிய பழைய ஆங்கிலச் சித்திரக்கதைக் களஞ்சியத்தை வாங்கியது. வாங்கியவர்கள் பழைய தொடர்களைத் தேடியெடுத்து நூலாக்கத் தொடங்கினார்கள். மாயாவியும் அந்த வரிசையில் வந்தான். பழைய கதைதான் தாம் வாங்கிய சொத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனவே தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில்: அது நியாயமில்லை. பெயரை வாங்கியவர்களுக்கு நாளைய கதையை எழுத உரிமை உண்டு. நேற்றுப் படித்ததைப் படிக்கவில்லை என்று ஆக்கும் அதிகாரம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. உங்கள் நானாவின் அலுமாரியில் இருப்பவை முழுக் கதைகள். அவற்றைக் கவலையில்லாமல் படியுங்கள்.

ஆனால் அலுமாரியைக் காப்பது கம்பனியின் வேலையில்லை, நம் வேலை. கண்டியில் பிறந்த சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை' வெளிவந்தது 1885இல். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் அதை இன்று நாம் வாசிக்க முடிவது, யார் யாரோ தம் வீடுகளில் பிரதிகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான். 2005இலிருந்து நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்திப் பொதுவில் வைத்து வருகிறது. மலையகத்திலும் கண்டிப் பகுதியிலும் வெளிவந்து ஒன்றிரண்டு இதழ்களோடு நின்றுபோன சிறு சஞ்சிகைகள் எத்தனையோ. அவற்றுக்கு உரிமை கோர ஒரு கம்பனிகூடக் கிடையாது.

மழைக்காலம் வருமுன் வீட்டுப் பரணை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பழைய பாடசாலை மலர், சிறுவர் சஞ்சிகை, கவிதை இதழ் எது கிடைத்தாலும் பழைய கடதாசிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் வந்து வாங்கி, நூலகத்தாரிடம் சேர்ப்பித்து, பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்