எண்ணிக்கை அரசியலும் தாய்மையின் உரிமையும்

அரை நூற்றாண்டுக்கு முன்னர் அயல்நாடுகளின் அரசியல் மேடைகளில் ஒலித்த குரல், "பிள்ளைகளைக் குறையுங்கள்" என்பது. இன்று அதே மேடைகள் பலவற்றில், "பிள்ளைகளைப் பெருக்குங்கள்" என்னும் குரல் கேட்கிறது. அன்று பழி சுமந்தவள் எழுத்தறியாத ஏழைத் தாய். இன்று பழி சுமப்பவள் பட்டம் பெற்ற பெண். "படித்த பெண்கள் தன்னலம் மிக்கவராயினர், மணத்தைப் பின்தள்ளுகின்றனர், ஒரு பிள்ளையோடு நிறுத்துகின்றனர், இதனால் இனம் அருகுகிறது" என்னும் பேச்சு நமது பொதுமேடைகளில் மட்டுமன்றிப் பல்கலைக்கழக மண்டபங்களிலும் கைதட்டல் பெறுகிறது. இக்கூற்று வரலாற்றுக்கும் முரணானது, நீதிக்கும் முரணானது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நமது நாட்டையே நோக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பெண்ணின் சராசரி மணவயது 18ஐ அண்டியிருந்தது. 1946 இல் அது 20ஐத் தாண்டியது. 1971 இல் 23.5 ஆயிற்று, 1981 இல் 24ஐக் கடந்தது. 1950களின் தொடக்கத்தில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றாள். 1970களின் நடுப்பகுதியில் இத்தொகை மூன்றரையை அண்டியது. 2000ஆம் ஆண்டளவில் இரண்டளவிற்கு இறங்கியது. குடும்பத் திட்டச் சங்கம் 1953 இல் தோன்றியது. அரசு அதனைத் தேசியத் திட்டமாக மேற்கொண்டது 1965 இலேயாம். மணவயதோ அதற்கு நெடுங்காலம் முன்னரே உயரத் தொடங்கிவிட்டது. 1963க்கும் 1971க்கும் இடையே நிகழ்ந்த கருவள வீழ்ச்சியின் பெரும்பங்கு மணவயது உயர்ந்தமையின் விளைவே எனக் குடித்தொகை ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1945 இல் வந்த இலவசக் கல்வி, கிராமந்தோறும் சென்ற மருத்துவமாது, 1940களின் பிற்பகுதியில் நிகழ்ந்த மலேரியா ஒழிப்பு ஆகிய யாவும் இம்மாற்றத்திற்கு அடித்தளமிட்டன. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை உண்டான பின்னரே குறைவாகப் பெறும் துணிவு தாய்க்கு உண்டாயிற்று. இதனைத் தன்னலம் என்பார் நமது பாட்டிமார் புதைத்த சிசுக்களின் கணக்கை மறந்தவராவர்.

இந்தியாவிலும் இதே பாடத்தைக் காணலாம். 2019–21 தேசியக் குடும்பநல அளவீட்டின்படி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குரிய பிள்ளைகள் 1.8, பீகாரில் 3.0. தென்மாநிலங்களில் இவ்வீழ்ச்சியைக் கொணர்ந்தவை பொதுச் சுகாதாரமும் பெண்கல்வியும் அவற்றோடு இணைந்த சமூக மாற்றங்களுமாம். இதற்கு மாறாக, அவசரகால ஆட்சியின்போது 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் இலக்கு விதிக்கப்பட்டது. ஏழைகள் இழுத்துச் செல்லப்பட்டனர். விளைந்தது யாது? 1977 இல் அவ்வாட்சி வீழ்ந்தது. குடும்பத் திட்டம் என்னும் பெயரே வெறுப்புக்குரியதாயிற்று. கட்டாயத்தின் கொடுமையைப் பெரிதும் அனுபவித்த வடமாநிலங்களே அதன் பின்னரும் நெடுங்காலம் உயர்ந்த கருவளத்துடன் இருந்தன.

"பெண்கல்வியும் மணவயதுமே காரணமாயின், வங்காளதேசத்தை எவ்வாறு விளக்குவீர்?" என எதிர்வாதி வினவலாம். வினா தகுதியானதே. அங்கு 1975 இல் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேற்பட்ட பிள்ளைகள். 2011 இல் 2.3. ஆயினும் 2017–18 அளவீட்டின்படியும் பெண்களில் அரைவாசிப்பேர் 16 வயதளவில் மணமானவராயிருந்தனர். அங்கு மணவயது பெரிதும் உயராமலே கருவளம் வீழ்ந்தது. பெண் ஊழியர் கருத்தடைச் சாதனங்களுடன் வாசற்படிக்கே சென்றமையும், உப்பும் சர்க்கரையும் நீரிற் கலந்து வயிற்றோட்டத்தினின்றும் குழந்தையைக் காக்கும் முறை 1980களில் வீடுவீடாகக் கற்பிக்கப்பட்டமையும் அவ்வெற்றியின் காரணங்களுட் சில. ஆனால் பதினாறு வயதில் மனைவியாகி, இருபத்திரண்டு வயதுக்குள் இரு பிள்ளைகளுக்குத் தாயாகி, பள்ளிப்படிப்பை இழந்த பெண்ணை விடுதலை பெற்றவள் எனக் கொள்ளமுடியுமா? பிறப்பு எண்ணிக்கை குறைவதும் பெண்ணின் உரிமை பெருகுவதும் ஒன்றல்ல. எண்ணை மாத்திரம் நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

இனி மறுதிசைக் குரலுக்கு வருவோம். சிங்கப்பூர் அரசு 1970களில் இரு பிள்ளைகளோடு நிறுத்துமாறு கூறியது. 1987 இல், வசதியிருப்பின் மூன்றோ அதற்கு மேலோ பெறுமாறு கூறியது. ஊக்கங்கள் பல அளித்தும் 2023 இல் அங்கு கருவள வீதம் ஒன்றுக்குக் கீழிறங்கியது. 2024 ஒக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு கூடுதலாகப் பிள்ளை பெறுமாறு மக்களை வேண்டினார். அதே மாதத்தில், அன்று தமிழ்நாட்டின் முதலமைச்சராயிருந்த மு. க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் பதினாறு பெறும் பழைய வாழ்த்தை நினைவூட்டிப் பேசினார். இவர்களது அச்சத்திற்குக் காரணம் உண்டு. மாநிலங்களுக்கிடையிலான மக்களவை ஆசனப் பங்கீடு 1971ஆம் ஆண்டுக் குடித்தொகையின் அடிப்படையில் 1976 இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2001 இல் மீண்டும் நீடிக்கப்பட்டது. குடும்பத்தை அளவோடு அமைத்த தென்மாநிலங்கள் அதற்காகவே ஆசனங்களை இழப்பது அநீதியென்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வநீதிக்குரிய பரிகாரம் அரசியலமைப்பிலே தேடப்படவேண்டியது. பெண்ணின் கருப்பையில் அன்று.

எண்ணிக்கை அச்சம் எத்தகைய நச்சுவிதை என்பதை நாம் இம்மண்ணிலேயே கண்டோம். 2018 பெப்ரவரியில், முஸ்லிம் உணவகமொன்றில் உணவிலே கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தியால் அம்பாறையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாத்திரை எனப்பட்டது மாவுக்கட்டியே எனப் பரிசோதனை பின்னர் காட்டிற்று. பிறர் பெருகுகின்றனர் என்னும் அச்சத்தைச் சிங்களப் பேரினவாதி பேசும்போது கண்டிக்கும் நாம், அதே அச்சத்தைத் தமிழிற் பேசினால் இனப்பற்று என்று கொள்ளுதல் முறையோ?

நமது எண்ணிக்கையைக் குறைத்தவை எவை? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1983இன் வன்செயலும் 2009 வரை நீடித்த போரும் பல்லாயிரவரைக் கொன்றன. பல இலட்சம் பேரை நாடுகடந்து ஓடச்செய்தன. இவற்றுள் எது பெண்ணின் பட்டப்படிப்பால் நேர்ந்தது? மணம் பிந்துவதற்கும் காரணம் தேடுவோர் சீதனச் சந்தையை நோக்கட்டும். வீடும் காணியும் நகையும் சேரும்வரை பெண்ணைக் காத்திருக்கவைத்த சமூகம், அவள் காத்திருந்தாள் என்று குறைகூறுவது வேடிக்கையாகும்.

பிறப்புக் குறைவு பிரச்சினையே அன்று என யாம் வாதிடவில்லை. 2012 இல் இலங்கையிற் பதிவான பிறப்புகள் 350,000க்கு மேல். 2023 இல் 250,000க்குக் கீழ். முதியோரைப் பேணுவார் யார், ஓய்வூதியத்திற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்பன மெய்யான வினாக்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் இளைஞர் கூட்டங்கூட்டமாக வெளியேறுவதும் மெய்யே. ஆயின், பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு இந்நாடு அளிப்பது யாது? மூன்றாம் பிள்ளைக்கும் அதற்குப் பிந்திய பிள்ளைகளுக்கும் தனியார் துறைத் தாய்க்குரிய மகப்பேற்று விடுமுறையைப் பாதியாகக் குறைத்த விதி 2018 இலேயே நீங்கிற்று. பல்கலைக்கழக மாணவரிற் பெரும்பான்மையினர் பெண்கள். ஆயினும் 2023 இல் உழைப்புப் படையிற் பங்குகொண்ட பெண்கள் மூன்றிலொரு பங்கினரும் அல்லர். பிள்ளையைப் பார்க்க நிலையமில்லை. வீட்டுவேலையைப் பகிரக் கணவன் இல்லை. தாய்மைக்கும் தொழிலுக்கும் இடையில் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு அவளை நெருக்கிவிட்டு, அவள் தெரிந்தபின் பழிக்கின்றோம்.

ஆகவே "இனத்துக்காகப் பெறுக" என்னும் பேச்சு அடுத்தமுறை நமது மண்டபத்தில் எழும்போது, கைதட்டுமுன் பேச்சாளரிடம் சில வினாக்களைத் தொடுப்போம்: தாங்கள் சீதனம் வாங்கினீரா? தங்கள் பிள்ளையின் இரவு அழுகைக்கு எழுந்தவர் யார்? தங்கள் அலுவலகத்தில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் அமையத் தாங்கள் குரல் கொடுத்ததுண்டா? இவற்றுக்கு விடையளிக்க முடியாதவருக்கு இன்னொருத்தியின் மகப்பேற்றைப் பற்றி அறிவுரை கூறும் தகுதி இல்லை. எத்தனை பிள்ளைகள், எப்போது, பெறுவதா பெறாமல் விடுவதா என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை பெண்ணுக்குரியது. அத்தீர்மானத்தை அச்சமின்றி எடுக்கவல்ல வாழ்நிலையை அமைப்பதே அரசினதும் சமூகத்தினதும் கடமையாகும்.