கல் கொட்டினால் மீன் பெருகுமா?

கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய இடங்களில், சில ஆண்டுகளுக்குள் தூண்டிலுடன் பலர் அமர்ந்திருப்பதைக் காணலாம். கலவாயும் செப்பிலியும் அகப்படுகின்றன. "கரையும் நின்றது, மீனும் வந்தது" என்று மகிழ்வோர் உண்டு. வீடுகளைக் கடல் கொண்டுபோகும்போது தடுப்பு வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வந்த மீனை மட்டும் வரவு வைத்துப் போன மீனைப் பற்று எழுதாமல் விடுவது சரியான கணக்காகாது.

மணற்கரையின் மதிப்பு

சோழமண்டலக் கரையின் பெரும்பகுதி மணற்பாங்கானது. அலை புரளும் ஆழமற்ற நீரில் கிழங்கான், காரல், மடவை, நாக்கு மீன் முதலியன மேய்கின்றன. மணலுக்குள் வாழும் புழுக்களும் சிறு மட்டிகளும் இவற்றில் பலவற்றுக்கு இரை. பல இன மீன்களின் குஞ்சுகள் வளர்வதும் இங்கேதான். பெரிய மீன்கள் எளிதில் நுழைய முடியாத ஆழமின்மையே குஞ்சுகளுக்குக் காவல்.

கற்சுவர் எழும்போது இந்த விளிம்பு மறைகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலை, அடிமணலை அரித்து ஆழமாக்குகிறது. கல்லின்மேல் பாசியும் கொட்டலசும் ஆளியும் படிகின்றன. அவற்றை உண்ணவும் இடுக்குகளில் ஒளியவும் ஓரா, கலவா, சிங்கி இறால் போன்றவை வருகின்றன. இங்கு மீன் பெருகியது என்பதைவிட மீனினம் மாறியது என்பதே பொருந்தும். சுற்றுப்புறத்தில் சிதறியிருந்த மீன் ஓரிடத்தில் கூடுவதும் உண்டு. அவ்வாறு கூடிய மீனைப் பிடிப்பது எளிது. ஆதலால் விரைவில் தீர்ந்துபோவதும் எளிது.

புதுவை தரும் பாடம்

கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபின், மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. வடக்கே நகரின் கடற்கரை மறைந்து கற்சுவர் மட்டும் எஞ்சியது. அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, தமிழகத்தின் கோட்டக்குப்பம் பகுதி மீனவக் குப்பங்களைத் தாக்கியது. அங்கும் கல் கொட்டப்பட்டது. அடுத்த ஊருக்கு அரிப்பு போயிற்று.

இதில் இழந்தவர் யார்? மணலில் நின்று இழுக்க வேண்டியது கரைவலை. மணல் இல்லையேல் அத்தொழிலும் இல்லை. படகை ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும், கருவாடு காயவைக்கவும் இடமில்லை. கல்லிடுக்கில் கிடைக்கும் கலவாய் தூண்டில்காரருக்குப் பயன்படும். கரைவலையில் பலர் கூடி இழுத்துப் பங்கிட்டுக்கொண்ட நெத்திலிக்கும் காரலுக்கும் அது ஈடாகாது.

மணலை மீட்க வழியே இல்லை என்பதும் இல்லை. புதுவை நகரின் வடபுறத்தில் 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்குள் ஓர் அமைப்பை நிறுவியபின், அங்கு மணற்கரை மீண்டும் உருவானது. சுவரால் கடலை எதிர்ப்பது ஒன்றே முறை அன்று என்பதற்கு இது சான்று.

செய்ய வேண்டுவன

மீனுக்காகவே கடலடியில் வைக்கப்படும் செயற்கைப் பாறைகள் வேறு, கரையைக் காக்கக் கொட்டும் கல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

தூண்டில் வளைவோ சுவரோ கட்டுமுன், அந்த ஆழமற்ற நீரில் எந்த மீன் எந்தப் பருவத்தில் உள்ளது என்று ஓராண்டேனும் கணக்கெடுக்க வேண்டும். கட்டியபின்னும் அதே முறையில் எடுத்தால்தான் உண்மை விளங்கும். கணக்கெடுப்பில் கரைவலைக்காரர்களைச் சேர்த்துக்கொள்வது அவசியம்; எந்த மாதம் எக்குஞ்சு கரையேறும் என்பதை அவர்கள் அறிவர். ஒரு கட்டுமானத்தால் வடக்கேயுள்ள ஊருக்கு நேரும் இழப்பும் திட்டச் செலவிலேயே சேர வேண்டும். துறைமுகத்தின் தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே சேர்ப்பதைக் கட்டாயக் கடமையாக்க வேண்டும்.

நாற்றங்காலை அழித்துவிட்டு நடவுக்கு நாற்றுத் தேடும் உழவர் எவருமில்லை. மணற்கரை மீனின் நாற்றங்கால். கல் இறக்குமுன் இதனை எண்ணிப் பார்ப்பது நாட்டுக்கும் மீனவருக்கும் நலம் பயக்கும்.