கொரியாவில் வாத்தியார் வேலை: பிறந்த நாடு பெரிதா, படித்த படிப்பு பெரிதா?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்காரர்களுக்குக் கடல் கடந்த உத்தியோகம் புதிதல்ல. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், முந்திரி என்று பெரும்பாலும் மழையை நம்பி நடக்கும் வெள்ளாமை இங்கே. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன என்றாலும், எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவை வேலை கொடுத்துவிட முடியாது. ஆகவே சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று போய்ச் சம்பாதித்து அனுப்பும் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிறையக் காணலாம்.

அந்த நாளில் போனவர்கள் பெரும்பாலும் உடல் உழைப்பை நம்பிப் போனார்கள். இப்போது நிலைமை வேறு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் பி.ஏ., எம்.ஏ. பட்டமும் அதற்கு மேல் பி.எட். பட்டமும் வாங்கி வைத்திருக்கிறார்கள். சர்க்கார் பள்ளியில் வேலை கிடைக்கத் தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு என்று வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம். இப்படிப்பட்டவர்களின் கண்ணில் இன்று தென் கொரியா படுகிறது. செல்போனில் அந்த நாட்டு நாடகங்களையும் பாட்டுகளையும் பார்த்துப் பழகிய தலைமுறை இது. "அங்கே இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கொட்டிக் கொடுக்கிறார்களாமே, நமக்குக் கிடைக்குமா?" என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

கிடைக்குமா? கிடைத்தால் அந்த வாழ்க்கை எப்படியிருக்கும்?

ஆங்கிலத்தின் மீது ஆசை

கொரியர்கள் படிப்புக்குச் செலவழிப்பதைப் போல் செலவழிப்பவர்கள் உலகத்தில் குறைவு. பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை. 'ஹாக்வோன்' எனப்படும் தனிப் பயிற்சிக் கூடங்களுக்குப் போகிறார்கள். இரவு வெகுநேரம் வரை வகுப்பு நடப்பதால், சியோல் நகரில் இரவு 10 மணிக்கு மேல் நடத்தக்கூடாது என்று தடையே போட வேண்டியிருந்தது. 2024-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளின் தனிப் பயிற்சிக்காகக் கொரியப் பெற்றோர்கள் செலவிட்ட தொகை சுமார் 29 லட்சம் கோடி வோன். நம் பணத்தில் ஏறக்குறைய 1 லட்சத்து 75 ஆயிரம் கோடி ரூபாய்!

இதில் ஆங்கிலத்துக்குத் தனி மரியாதை. நவம்பர் மாதத்தில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வில், ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி உண்டு. அந்த அரைமணி நேரத்துக்கு, பிள்ளைகளின் காதில் இரைச்சல் விழக்கூடாது என்று, நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த ஆசையைத் தீர்ப்பதற்காக 1995-ல் கொரிய சர்க்கார் வெளிநாட்டு ஆசிரியர்களைத் தன் பள்ளிகளுக்கே வரவழைக்கும் திட்டமொன்றை ஆரம்பித்தது. பயிற்சிக் கூடங்களோ தாங்களே நேரடியாக ஆள் எடுக்கின்றன.

இரண்டு தராசு

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருபவர்களுக்குக் கொரியா 'இ-2' என்ற விசா தருகிறது. அது பொதுவாக ஏழு நாட்டாருக்கே உரியது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென் ஆப்பிரிக்கா. இந்த ஏழு நாட்டுப் பிரஜையாக இருந்து ஒரு பட்டமும் இருந்தால், பயிற்சிக் கூடத்தில் வேலைக்குச் சேரலாம். அந்தப் பட்டம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை.

இந்தியர்களுக்கு இந்த வாசல் பல காலம் அடைத்தே கிடந்தது. 2009 ஆகஸ்டில் இந்தியாவும் தென் கொரியாவும் பொருளாதார உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. 2010 ஜனவரி 1 முதல் அது அமுலுக்கு வந்தது. கார் உதிரி பாகங்களுக்குச் சுங்க வரி, இரும்புக்குச் சுங்க வரி என்று பேசும் அந்த உடன்படிக்கையின் ஒரு மூலையில் நம் ஆசிரியர்களுக்கும் இடம் கிடைத்தது. இந்தியர்கள் ஆரம்பப் பள்ளி, உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியர்களாகப் போகலாம். ஆனால் பட்டம் மட்டும் போதாது. ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும்.

அதாவது, டொரண்டோவில் பிறந்து விலங்கியல் படித்தவர் ஆங்கிலம் கற்பிக்கலாம். பெரம்பலூரில் பிறந்து விலங்கியல் படித்தவர் கற்பிக்க முடியாது. பெரம்பலூர்க்காரர் ஆங்கிலமே படித்து பி.எட். பட்டமும் பெற்றிருந்தால்தான் அவருடைய மனுவைப் பார்ப்பார்கள். ஒருவருக்குப் பிறந்த நாடே தகுதி. மற்றவருக்குத் தகுதி இருந்தாலும் பிறந்த நாடு குறுக்கே நிற்கிறது. 'ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகியவர்தான் ஆங்கிலம் சொல்லித்தர முடியும்' என்பது கொரியப் பெற்றோர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையே சட்டமாகியிருக்கிறது.

அன்றாட வாழ்க்கை

வாசலைத் தாண்டிப் போய்விட்டால் பொழுது எப்படிக் கழியும்?

சர்க்கார் பள்ளியானால் காலை எட்டரை மணிக்கு ஆஜராக வேண்டும். மாலை நாலரை வரை அங்கேயே இருக்க வேண்டும். வாரத்துக்குச் சுமார் 22 பாட வேளைகள். பள்ளிக்குள் நுழைந்ததும் தெருச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போடும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நம்மவருக்கு இது சிரமமில்லை. வகுப்பில் கொரிய ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பார். பிள்ளைகளை அடக்குவது, மதிப்பெண் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. வெளிநாட்டவருக்குப் பேச்சுப் பயிற்சிதான் முக்கிய வேலை. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்ட பிறகும், ஒப்பந்தப்படி வெளிநாட்டு ஆசிரியர் ஆளில்லாத பள்ளியில் தம் மேஜைக்கு முன் உட்கார்ந்திருக்கும் நாட்கள் உண்டு.

பயிற்சிக் கூடமானால் கடிகாரம் தலைகீழ். பிற்பகலில் ஆரம்பித்து இரவு ஒன்பது, பத்து மணி வரை வகுப்பு. பகலெல்லாம் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சம்பளம் மாதம் 20 லட்சம் வோன் முதல் 30 லட்சம் வோன் வரை. நம் பணத்தில் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் முதல் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். பெரும்பாலும் ஓர் அறை வீடு இனாம். ஒரு வருஷம் பூர்த்தியானால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை. ஆனால் அந்த ஊர் விலைவாசியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கூடை கூடையாகக் குவியும் பழமும் காய்கறியும் அங்கே விலையுயர்ந்த பண்டம்.

மத்தியானம் பள்ளியிலேயே சாப்பாடு. சோறு, ஒரு குழம்பு, கூடவே 'கிம்ச்சி' என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய். சோற்றைக் கண்டதும் தமிழன் மனம் குளிரும். ஆனால் சைவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிம்ச்சியில் இறால், மீன் சாறு சேர்ப்பது வழக்கம். வெயிலில் காய்ந்து பழகிய பெரம்பலூர் உடம்புக்கு ஜனவரி மாதத்துச் சியோல் குளிர் பெரிய சோதனை. வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை இறங்குவதுண்டு. நல்லவேளையாக வீட்டுத் தரைக்கு அடியிலேயே வெந்நீர் ஓடித் தரையைச் சூடாக்கும் ஏற்பாடு அங்கே சகஜம்.

ஆசிரியருக்கு மரியாதை உண்டு. எழுத்தைத் தந்த மன்னர் சேஜோங் பிறந்த தினமாகிய மே 15-ஐயே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் 2016-ல் அமுலுக்கு வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டப்படி, பள்ளி ஆசிரியர் தம் மாணவர் அன்போடு நீட்டும் காப்பியைக்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது!

மறுபக்கம்

வெளிநாட்டு ஆசிரியரின் விசா அவரை வேலைக்கு வைத்தவரோடு கட்டப்பட்டிருக்கிறது. இடம் பிடிக்கவில்லை என்று நடுவில் மாற நினைத்தால் பொதுவாகப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் தேவை. முதலாளி நல்லவராக வாய்த்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு காலத்தில் வெளிநாட்டு ஆசிரியர்கள் எய்ட்ஸ் கிருமிச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதியிருந்தது. அதே வேலையைச் செய்யும் கொரியர்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. நியூஸிலாந்து ஆசிரியை ஒருவர் இதை எதிர்த்து ஐக்கிய நாடுகளின் இன ஒதுக்கல் ஒழிப்புக் குழுவிடம் முறையிட்டார். 2015-ல் அந்தக் குழு ஆசிரியையின் பக்கமே நியாயம் என்றது. 2017-ல் கொரியா அந்த விதியைக் கைவிட்டது. தனி ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒரு நாட்டின் விதி வளைந்திருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

கொரிய ஆசிரியர்களின் பாடும் சுகமானதல்ல. 2023 ஜூலையில் சியோலில் இளம் ஆசிரியை ஒருவர் தம் பள்ளியிலேயே இறந்து கிடந்தார். பெற்றோர்களின் ஓயாத புகார்களால் தாங்கள் நசுக்கப்படுவதாகச் சொல்லி ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். அதன் பிறகு ஆசிரியர்களைக் காக்கச் சட்டங்கள் திருத்தப்பட்டன.

இன்னொன்று: கொரியாவில் குழந்தைகளே குறைந்து வருகிறார்கள். ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 2023-ல் 0.72, 2024-ல் 0.75. சராசரியில் ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்லை! கிராமப்புறப் பள்ளிகள் பல மூடப்பட்டுவிட்டன. ஆயுள் முழுவதும் நம்பியிருக்கத்தக்க உத்தியோகம் இதுவென்று சொல்வதற்கில்லை.

ஏலாக்குறிச்சியின் சாட்சி

தாய்மொழியாகப் பேசுபவன்தான் ஒரு மொழியைக் கற்பிக்க முடியும் என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரியலூர் ஜில்லாவிலேயே, கொள்ளிடத்துக்கு வடகரையில், திருமானூருக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியில் 1680-ல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்ற பாதிரியார் இங்கே வந்து தங்கித் தமிழ் கற்றார். உபதேசியார்களுக்குத் தமிழ் கற்பித்தார். அவரைத்தான் நாம் வீரமாமுனிவர் என்கிறோம்.

அவர் வீட்டில் பேசியது தமிழல்ல. முப்பது வயதுக்கு மேல் கற்ற மொழி இது. அப்படியிருந்தும் 'தேம்பாவணி' பாடினார். 'தொன்னூல் விளக்கம்' என்ற இலக்கணம் செய்தார். 1732-ல் 'சதுரகராதி' தொகுத்தார். பாட்டாகப் பாடி மனப்பாடம் செய்துவந்த நிகண்டுகளுக்கு நடுவில், அகர வரிசையில் சொல்லைத் தேடி எடுக்கும்படி அமைந்த அகராதி அது. தமிழருக்கே தமிழ்ச் சொல்லின் பொருளைத் தேடிக்கொடுத்தவர் ஓர் இத்தாலியர். 'நீ எந்த நாட்டான்?' என்று கேட்டுத் தமிழகம் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

கொரியாவின் சரித்திரமும் இதையே சொல்கிறது. 1886-ல் அரசாங்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கச் சியோலுக்கு வந்த அமெரிக்க இளைஞர்களில் ஹோமர் ஹல்பர்ட் ஒருவர். ஆங்கிலம் கற்பித்ததோடு நிற்காமல் கொரிய மொழியைக் கற்று, கொரிய எழுத்திலேயே பூகோளப் பாடநூல் எழுதினார். 1905-ல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற அவர் கருத்தை இன்றைய மொழி நூலார் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் கொரியர்கள் இன்றும் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள். 1949-ல் சியோலில் இறந்த அவர் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். அமெரிக்காவில் பிறந்தார் என்பதற்காக அல்ல, தங்கள் மொழியை மதித்துக் கற்றார் என்பதற்காகவே கொரியர்கள் அவரை நினைக்கிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

இந்திய - கொரிய உடன்படிக்கையைத் திருத்தி விரிவாக்குவது பற்றி 2016 முதல் பல சுற்றுப் பேச்சுக்கள் நடந்திருக்கின்றன. எஃகு, கார் பற்றிப் பேசும் நம் பிரதிநிதிகள் ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும். பட்டமும் பயிற்சியும் பெற்ற இந்திய ஆசிரியரை, பயிற்சியே பெறாத ஏழு நாட்டாருக்குக் கீழே வைப்பது நியாயமா என்று கேட்க வேண்டும். நம்மிடம் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுப் புதிய கல்விக் கொள்கையில் உயர்நிலைப் பள்ளிகளில் கற்கக்கூடிய அந்நிய மொழிகளின் பட்டியலில் கொரிய மொழியையும் இந்தியா சேர்த்திருக்கிறது.

போக விரும்பும் இளைஞர்களுக்கும் சில வார்த்தைகள். பட்டச் சான்றுக்கும் போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்கும் மத்திய வெளிவிவகார இலாகாவின் 'அப்போஸ்டில்' முத்திரை பெற வேண்டும். இந்த இரண்டு ஜில்லாக்களுக்கும் பாஸ்போர்ட் அலுவலகம் திருச்சியில் இருக்கிறது. "சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பவே கூடாது. கம்ப்யூட்டர் வேலை என்ற பேச்சை நம்பித் தாய்லாந்து வழியாக மியான்மருக்குக் கடத்தப்பட்ட நம் வாலிபர்களின் கதை 2022-ல் பத்திரிகைகளில் வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஏஜெண்டு மத்திய சர்க்காரிடம் பதிவு செய்தவரா என்று பார்ப்பது அவசியம். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டு போவது நல்லது. உயிர், மெய் என்று பிரித்துப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு அந்த எழுத்துக்கள் சில நாட்களிலேயே கைவந்துவிடும். பிறந்த நாட்டைப் பார்த்துக் கதவைத் திறப்பவர்கள்கூட, தங்கள் மொழியைக் கற்று வந்து நிற்கும் ஆசிரியரை அலட்சியமாகத் திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள்.