மோதிரம் தொலைந்ததாம், காதல் பிரிந்ததாம்!

மதுரை பஸ் நிலையக் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த மாத நாவல்கள் தோழர்களுக்கு நினைவிருக்கும். இன்று அந்தக் கதைகள் கைபேசிக்குக் குடிபோய்விட்டன. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அத்தியாயம் அத்தியாயமாக வந்து விழுகின்றன. அவற்றில் ஒரு ரகம் எப்போதும் விலைபோகும் சரக்கு. முதல் காதல். பிரிவு. பத்து வருஷ இடைவெளி. பிறகு மறு சந்திப்பு. நடுவிலே சண்டை, கேலி, குடை மாறிப்போவது, அத்தைக்குக் காது கேளாதது என்று ஒரே சிரிப்பு. முடிவில் மேளம் கொட்டிவிடும்.

கதாநாயகன் யார்? பெரும்பாலும் கம்பெனி முதலாளி. வெளிநாட்டிலிருந்து திரும்பியிருப்பான். கதாநாயகி யார்? அவன் கம்பெனியிலேயே வேலைக்கு மனுப் போட்டவள்! அவள் கண்ணின் நிறம், புடவையின் நிறம், நெஞ்சத் துடிப்பு எல்லாம் பக்கம் பக்கமாக வரும். மாதச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கடைசி வரை யாரும் சொல்லமாட்டார்கள்.

போகட்டும். இந்த ஜோடி முதலில் ஏன் பிரிந்தது? அநேகமாக எல்லாக் கதையிலும் ஒரே பதில்தான். கடிதம் போய்ச் சேரவில்லை. சித்தி பொய் சொல்லிவிட்டாள். அவன் வேறொருத்தியோடு பேசியதை இவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டாள். ஆக, காதலைப் பிரிப்பது தபால் இலாகாவின் கவனக்குறைவு! கடிதம் கிடைத்துவிட்டால் கல்யாணம். பேஷ்!

நமக்கு இந்தக் கதைகளோடு உள்ள வழக்கு இந்த ஓரிடத்தில்தான். மற்றபடி காதலைப் பற்றி எழுதுவதையோ, உழைத்துக் களைத்தவர்கள் படித்துச் சிரிப்பதையோ நாம் குற்றம் சொல்ல வரவில்லை.

இந்தத் தந்திரம் இன்று நேற்றுப் பிறந்ததல்ல. சகுந்தலை கதையைப் பாருங்கள். மகாபாரதத்தில் துஷ்யந்தனுக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் பிள்ளையோடு வந்து நிற்கும் பெண்ணைச் சபையிலே "உன்னை எனக்குத் தெரியாது" என்கிறான். ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்ததாகப் பிறகு சமாதானம் சொல்கிறான். ராஜா பொய் சொன்னான் என்பது அங்கே வெட்டவெளிச்சம். காளிதாசன் இதை நாடகமாக்கியபோது ஒரு முனிவரின் சாபத்தைப் புகுத்தினான். ஒரு மோதிரத்தையும் புகுத்தினான். மோதிரம் ஆற்றில் விழுந்ததாம், மீன் விழுங்கியதாம், அதனால்தான் ராஜாவுக்கு மறந்துபோயிற்றாம். ராஜா தப்பித்துக்கொண்டார்! குற்றம் மீன் தலையில் விழுந்தது. மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவன் கதி என்ன? காவலர்கள் அவனைத் திருடன் என்று கட்டி இழுத்து அடிக்கிறார்கள். பிறகு ராஜா கொடுத்த வெகுமதியில் பாதியை அந்தக் காவலர்களுக்கே கொடுத்துவிட்டுப் போகிறான். ஆனாலும் பெரிய கவிஞன்தான் காளிதாசன். அடிபட்டவனையும் மேடையில் நிறுத்திக் காட்டினான். நம்முடைய நாவல்காரர்கள் மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செம்படவனை விட்டுவிட்டார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். 2018 அக்டோபரில் "96" என்ற படம் வந்தது. பிரேம்குமார் எழுதி இயக்கியது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ராமும் ஜானுவும் 22 வருஷம் கழித்துப் பழைய மாணவர் கூட்டத்தில் சந்திக்கிறார்கள். அவள் கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவன் தனியாள், புகைப்படக்காரன். ஓர் இரவு முழுக்கப் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், விடிந்ததும் பிரிகிறார்கள். கல்யாணத்தில் முடியாததால் இது மற்றவற்றைவிட மேல். விஜய் சேதுபதியும் திரிஷாவும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் திரும்ப எடுத்தார்கள். நம் ஆட்களில் எத்தனையோ பேர் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சியிருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கேட்கிறோம்: அந்தப் பையன் ஏன் ஊரைவிட்டுப் போனான்? அப்பாவின் கடன்! குடும்பமே தஞ்சாவூரைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போகிறது. லீவு முடிந்து வகுப்புக்கு வந்த பெண் அவன் இடத்தைப் பார்க்கிறாள், அவன் இல்லை. கதையை உருட்டிவிட்ட சக்கரம் இதுதான். இதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் நொடியில் தாண்டிப் போய்விடுகிறது. பிறகு என்ன வருகிறது? அவள் ஒருமுறை அவனைத் தேடிக் கல்லூரிக்கே வந்தாள், வேறு யாரோ ஒரு பெண் என்று தவறாக நினைத்து அவன் பார்க்க மறுத்துவிட்டான் என்ற சங்கதி வருகிறது. தியேட்டரே அதற்குத்தான் "அடடா" என்கிறது. கடனுக்காக ஒருவர்கூட "அடடா" சொல்லவில்லை. வட்டி என்ன, கொடுத்தவன் யார், வீட்டை எவன் வாங்கினான்? ஒரு கேள்வியும் இல்லை. கடன்காரன் நழுவிவிட்டான், ஆள்மாறாட்டம் பழியைச் சுமக்கிறது. மறுபடியும் அதே மோதிரம்!

"காதல் கதையில் வட்டிக் கணக்கா? ரசனை கெட்டவர்களே!" என்று சில கனவான்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இங்கிலீஷ் நாவலையே எடுத்துக் காட்டுவோம். பிரிந்த முதல் காதல் மறுபடி சேரும் கதைகளுக்கெல்லாம் தாய் என்று சொல்லத்தக்கது ஜேன் ஆஸ்டின் எழுதிய "பர்சுவேஷன்". 1817இல் அந்த அம்மையார் இறந்தபின் அவ்வருஷக் கடைசியில் வெளியாயிற்று. ஆன் என்ற 19 வயதுப் பெண் வென்ட்வொர்த் என்ற கடற்படைக்காரனைக் காதலிக்கிறாள். அவனிடம் பணமில்லை, ஆகவே பெரியவர்கள் புத்தி சொல்லிப் பிரித்துவிடுகிறார்கள். எட்டு வருஷம் கழித்து அவன் 25,000 பவுனோடு திரும்பி வருகிறான். அந்தப் பணம் எப்படி வந்தது? எதிரிக் கப்பல்களைப் பிடித்ததற்குக் கிடைத்த பங்கு. அதையும் ஆசிரியை எழுதியிருக்கிறார்!

மீண்டும் சந்திப்பு எப்படி நேர்ந்தது என்பது இன்னும் வேடிக்கை. ஆனின் தகப்பன் ஒரு பிரபு. ஊதாரி. கடன் கழுத்தை நெரிக்கவே பங்களாவை வாடகைக்கு விடுகிறான். அதற்குக் குடிவந்தவர்கள் வென்ட்வொர்த்தின் அக்காவும் அவள் கணவரும். பார்த்தீர்களா சங்கதியை! பிரபுவுக்குக் கடன் வந்தால் காதலர்கள் சேருகிறார்கள்; இல்லாதவனுக்குக் கடன் வந்தால் பிரிகிறார்கள். 200 வருஷத்துக்கு முன் ஒரு பாதிரியார் மகளுக்கு இருந்த கணக்கு ஞானம் இன்றைய மாத நாவலுக்கு இல்லை. அவ்வளவு தூரம் கடல் தாண்டுவானேன்? பொருள் தேடப் போவதால் நேரும் பிரிவுக்குப் "பொருள்வயிற் பிரிவு" என்று தனிப்பெயரே வைத்தது நம்முடைய பழந்தமிழ் இலக்கணம்.

மதுரைக்கும் ஒரு ஜோடி மறுவாழ்வு தேடி வந்தது. மாதவியை விட்டுத் திரும்பிய கோவலனும் கண்ணகியும். கையில் இருந்த முதல் ஒரு ஜோடிச் சிலம்பு. நகரத்துக்கு வெளியே ஆயர் வீட்டில் இடம் கொடுத்தாள் மாதரி. கடைவீதிக்குப் போனவன் திரும்பவில்லை. அங்கே மோதிரம், இங்கே சிலம்பு. ஆனால் இளங்கோ சிலம்பு தற்செயலாய்த் தொலைந்தது என்று எழுதவில்லை. திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன், விசாரிக்காமல் கொல்லச் சொன்னவன் பாண்டியன் என்று விலாசத்தோடு எழுதினார்.

அதே மதுரையை வைத்து 2004இல் பாலாஜி சக்திவேல் "காதல்" படத்தை எடுத்தார். முருகன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். ஐஸ்வர்யா பள்ளிக்கூடத்துப் பெண், பணமும் ஜாதிச் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை. இருவரும் சென்னைக்கு ஓடுகிறார்கள், கல்யாணமும் ஆகிவிடுகிறது. பெண் வீட்டார் நயமாகப் பேசி அழைத்துவந்து தாலியைப் பறிக்கிறார்கள், அவனை அடித்து நொறுக்குகிறார்கள். சில வருஷம் கழித்து, வேறொருவன் மனைவியாகக் கையில் குழந்தையோடு போகிறவள் சிக்னலில் அவனைப் பார்க்கிறாள். சித்தம் கலங்கி, கந்தலோடு அவன் தெருவில் நிற்கிறான். முதல் காதலின் மறு சந்திப்பு எங்கள் ஜில்லாவில் இப்படி இருந்தது! இங்கே கடிதம் எதுவும் தொலையவில்லை. பிரித்தவனுக்கு முகம் உண்டு, ஜாதி உண்டு, ஆஸ்தி உண்டு, அடியாள் உண்டு. முடிவில் அந்தப் பெண்ணின் புருஷன் பெரிய மனது பண்ணி அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறான்; எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். அடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம். இது அந்தப் படத்தின் குறை. ஆனாலும் மோதிரத்தின் மேல் பழி போடாத படம்.

மில் தோழர்களுக்குத் தெரிந்த இன்னொரு பிரிவைப் பற்றி எந்த நாவலும் வாய் திறக்கவில்லை. சுமங்கலித் திட்டம்! மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்றும் பெயர் வைத்தார்கள். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர் ஜில்லாக் கிராமங்களிலிருந்து ஏஜெண்டுகள் வயதுப் பெண்களைத் திரட்டி நூற்பாலை விடுதிகளில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று வருஷம் அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ரூ.30,000, ரூ.40,000 என்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அந்தப் பணம் போயிற்று என்று வந்தவர்கள் பலர். பல விடுதிகளில் கைபேசி கூடாது. வீட்டார் தவிர வேறு யாரும் வந்து பார்க்கக் கூடாது. அந்தத் தொகை வானத்திலிருந்து வந்ததா? அவளுடைய கூலியிலேயே பிடித்து வைத்தது! அவள் கூலியை அவளுக்கே வரதட்சணையாகத் திருப்பிக் கொடுத்து அதற்குத் தாலியின் பெயரும் சூட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் பெயரைக் கைவிட்டார்கள். விடுதிக் கதவு பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

அந்த விடுதிக்குப் போன 17 வயதுப் பெண்ணுக்கு ஊரில் ஒருவன்மேல் மனம் இருந்திருக்காதா? அவன் மேலூர்க் கடைமடையில் தண்ணீர் வராத வருஷம் திருப்பூருக்குப் போயிருப்பான். உசிலம்பட்டிப் பக்கம் என்றால் வடநாட்டு முறுக்குக் கம்பெனிக்குப் போயிருப்பான். மூன்று வருஷம் கழித்து அவள் வெளியே வரும்போது அந்தப் பணத்துக்கு வேறு மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பார்கள். தவறான புரிதல் எதுவும் இதில் இல்லை. இருவருக்கும் எல்லாம் தெளிவாகப் புரிந்திருக்கும்.

நம் பக்கத்திலேயே சிலர், "காதல் கதையெல்லாம் போதை. படிக்காதே!" என்று அடித்துச் சொல்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு மணி நேரம் பஞ்சு தூசியைத் தின்றவளிடம் போய்ச் சிரிக்காதே என்று சொல்ல நாம் யார்? ஒருமுறை தவறிப்போன வாழ்க்கை மறுமுறை வராதா என்ற ஏக்கம் போதையல்ல. அது நியாயமான கோரிக்கை. அந்த ஏக்கத்தைக் காசாக்கிக்கொண்டு, பிரித்தவன் பெயரை மட்டும் மறைத்துவிடுகிற வியாபாரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

"உங்கள் உண்மையை எழுதினால் சிரிப்பு வருமா?" என்று நாவலாசிரியர்கள் கேட்கலாம். தாராளமாக வரும். கதைக்கு விஷயம் இதோ, இலவசமாகவே தருகிறோம். அவளுக்கு 42 வயது, விதவை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவன் பதிலித் தொழிலாளி. வேலை நிரந்தரமாகவில்லை என்று பெண் கொடுக்க யாரும் வரவில்லை. ஜாதி வேறு. 24 வருஷம் கழித்து ரேஷன் கடை வரிசையில் சந்திக்கிறார்கள். மிஷினில் அவன் விரலை வைக்கிறான். வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. நாலு விரலையும் வைத்துப் பார்க்கிறான், பத்தையும் வைக்கிறான். பின்னாலிருந்து அவள், "அன்னைக்கு நீ ஒரு ஆளாவே கணக்கில்லன்னு எங்க அப்பா சொன்னாரு. மிஷினும் அதையே சொல்லுதே!" என்கிறாள். வரிசையே சிரிக்கிறது.

பிறகு இருவரும் 1954ஆம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யப் போகிறார்கள். போனவுடன் கல்யாணம் ஆகிவிடாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆபீஸ் சுவரில் பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதி ஒட்டிவிடுவார்கள். அவன் நிரந்தர விலாசம் வேறு ஜில்லா என்றால் அங்குள்ள ஆபீஸிலும் ஒரு நகல் தொங்கும். ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம். மருமகன் மீசையை முறுக்கிக்கொண்டு வருவான். பங்காளிகள் வேனில் வருவார்கள். பெண்ணின் அத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வயசை ரெண்டு குறைச்சுப் போட்டிருக்காளே!" என்று அதற்கொரு ஆட்சேபம் எழுப்புவாள். அந்தத் தாள் 30 நாளும் சுவரில்தான் இருக்கும். எழுத வருகிறவர் ஆளுக்கொரு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டாலும் கதை மிஞ்சும்.