வகுப்பறை நகல் திருட்டாகாது

பதிப்புரிமை உள்ள நூலிலிருந்து சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மாணவருக்குக் கொடுப்பது சட்டமீறல் என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் வேரூன்றிக் கிடக்கிறது. நூலின் தொடக்கத்தில் அச்சாகும் ‘எவ்வடிவிலும் நகலெடுக்கக் கூடாது’ என்ற எச்சரிக்கையைக் கண்டு ஆசிரியர்கள் தயங்குகின்றனர். அந்த வாசகம் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்பதை 52ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதும், அதை வினாத்தாளிலோ விடைத்தாளிலோ சேர்ப்பதும் அவற்றுள் அடங்கும். இது பதிப்பாளர் மனமிரங்கித் தரும் சலுகையன்று, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்.

இது நீதிமன்றத்திலும் உரசிப் பார்க்கப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட பல நூல்களின் பகுதிகளை நகலெடுத்து, ஒரே தொகுப்பாகக் கோத்து, மாணவருக்கு விற்றது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. தொகுப்பில் எழுத்து இடம்பெற்ற அறிஞர்கள் பலரே வழக்கை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். சட்டத்தின் முழு பலத்தையும் காட்ட வேண்டாம் என்று அமர்த்தியா சென் தம் பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டார். யாருடைய உழைப்பைக் காப்பதாகச் சொல்லி வழக்குப் போடப்பட்டதோ, அவர்களே அதை விரும்பவில்லை.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதி எடுத்தால் தவறில்லை என்றால், அதையே இயந்திரம் செய்தால் மட்டும் எப்படித் தவறாகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கடைக்காரர் காசு வாங்கினாரே என்ற ஆட்சேபமும் எடுபடவில்லை. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் சட்ட விளக்கத்தை ஏற்றது; தொகுப்பில் உள்ளவை கற்பித்தலுக்குத் தேவையா என்பதை விசாரிக்கச் சொன்னது. அந்த விசாரணைக்குப் பதிப்பகங்கள் நிற்கவில்லை. 2017 மார்ச்சில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

நூலில் பத்து சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற பேச்சும் இதே பயத்தின் இன்னொரு முகம்தான். அமெரிக்காவில் 1976இல் ஏற்பட்ட வழிகாட்டு நெறிகளில் அப்படியோர் அளவு உண்டு. அங்கேயே அது சட்டமன்று. கற்பித்தலுக்கான இந்திய விதியில் சதவீதம் எதுவும் இல்லை. அந்தக் கற்பித்தலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதே அளவுகோல். பத்து வரிக் கவிதையைப் பாடம் நடத்த ஒரே ஒரு வரியை மட்டும் கரும்பலகையில் எழுதச் சொல்ல எந்த நீதிமன்றமும் முன்வராது.

எல்லையும் உண்டு. முழு நூலையும் பிடிஎஃப் ஆக்கி டெலிகிராம் குழுவில் ஊருக்கெல்லாம் விநியோகிப்பதைக் கற்பித்தல் என்று சொல்ல முடியாது. நடிப்புக்கும் இப்படியோர் எல்லை உண்டு. பள்ளி ஆண்டுவிழாவில் மாணவரும் ஆசிரியரும் ஒரு நாடகத்தை நடிக்கலாம். பார்வையாளர் பள்ளியோரும் பெற்றோரும் பள்ளியோடு தொடர்புடையோருமாக இருக்கும்வரை அனுமதி தேவையில்லை. அதே நாடகத்தை அரங்கம் பிடித்து, டிக்கெட் போட்டு, பொதுமக்களுக்கு நடத்தினால் உரிமையாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.