கொடுங்கையூரில் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பது

வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கக் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜன்னலில்தான் தொடங்குவார்கள். காலையில் எழுந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், நல்ல காற்று வரட்டும் என்பார்கள். வடசென்னையில், கொடுங்கையூரில் இருக்கிறவர்கள் அதைச் செய்வதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னைக் குப்பையைக் கொட்டுகிற மேட்டுப் பக்கத்துக் காற்றென்றால் ஜன்னல் சாத்தியே இருக்கும். ஆலைகள் நிற்கிற மணலிப் பக்கத்துக் காற்றென்றால் வேறொரு வாடை. இரண்டும் இல்லாத நேரம் பார்த்துத் திறந்து, மறுபடி வாடை அடிப்பதற்குள் சாத்திவிடுகிற பழக்கம் எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் உண்டு.

நான் இங்கே முத்தமிழ் நகரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். வெள்ளை லைனிங் துணியை ராத்திரி மெஷின் மேல் மடித்து வைத்துவிட்டு விடிந்து பார்த்தால், மடிப்பின் மேல்பக்கம் மட்டும் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். விரலால் தட்டினால் போகாது, தேய்த்தால் கோடாக இழுத்துக்கொள்ளும். அடுத்தவர் துணியை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் துடைப்பதும் கூட்டுவதும் எனக்குப் பிழைப்போடு சேர்ந்த வேலை. இந்த ஊர்த் தூசியின் குணம் எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

மற்ற ஊர்த் தூசி மண். எங்களுடையதில் மண்ணோடு கண்டெய்னர் லாரிகளின் டீசல் கரி இருக்கிறது, குப்பை எரிந்த புகைக்கரி இருக்கிறது. அதனால் லேசான பிசுக்கு இருக்கும். இதைத் துடைப்பத்தால் வறட்டுக்கூட்டலாகக் கூட்டினால் பாதி மேலே எழும்பி, அரை மணி நேரத்தில் மறுபடி துணிமேல் வந்து உட்காரும். ஈரத்துணிதான் முதல் கருவி. மேலிருந்து கீழே வர வேண்டும்: ஒட்டடை, பிறகு ஃபேன் இறக்கை, பிறகு ஜன்னல் கட்டை, கடைசியாகத் தரை. தரையைத் துடைத்த பிறகு ஃபேனில் கை வைத்தால் அன்றைய வேலை வீண்.

வெறும் தண்ணீர் இந்தப் பிசுக்கை எடுக்காது. என் மாமியார் கற்றுக்கொடுத்தது பூந்திக்கொட்டை. பத்துப் பன்னிரண்டு கொட்டையை உடைத்து, விதையை நீக்கி, தோலை ஒரு சொம்புத் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டுவிடுவேன். காலையில் அந்தத் தண்ணீரோடு ஒரு கொதி விட்டு, ஆறியதும் கையால் பிசைந்தால் நுரைத்துக்கொண்டு வரும். வடிகட்டி அரை பக்கெட் தண்ணீரில் கலந்தால் போதும். அந்தத் தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. சோப்பைப் போலவே எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுவந்துவிடும். ஜன்னல் கட்டையில் அந்தத் துணியை ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு வரிசையாகத் துணியில் ஏறியிருக்கும், கட்டையில் கோடே இருக்காது. கண்ணில் பட்டால் எரியும் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் வைத்தால் கெட்டு நாறும், அதனால் கொஞ்சமாகச் செய்வதுதான் சரி.

இயற்கை வைத்தியம் என்று எதை வேண்டுமானாலும் எதோடும் கலக்கச் சொல்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்து ஊற்றினால் பொங்கிக்கொண்டு வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று புளிப்பு, மற்றொன்று காரம், இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிட்டு உப்புத் தண்ணீர்தான் மிஞ்சுகிறது. தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல வேலைக்காரர்கள். போர் தண்ணீர் வருகிற வீடுகளில் பாத்ரூம் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அது சுண்ணாம்புப் படிவு. அதற்குப் புளிப்பு வேண்டும்: வினிகர், பிழிந்த எலுமிச்சை மூடி, புளி கரைத்த சக்கை, எது இருக்கிறதோ அது. தடவிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். பாத்திரக்கடையில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்குக்கும் அதே புளிதான். ஆனால் பழைய வீடுகளில் மொசைக் தரை இருக்கும். அதில் சிமெண்டும் சலவைக்கல் துண்டும் இருப்பதால் புளிப்பு பட்டால் பளபளப்பு போய்விடும். அங்கே பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டு, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பாத்ரூமுக்கு ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்கிறவருக்கு மூச்சே நின்றுபோகலாம். பிளீச்சிங் பவுடரை வெறும் தண்ணீரில் மட்டும்தான் கரைக்க வேண்டும். வினிகரோடுகூடச் சேர்க்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர் டிரம். லாரித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் பிடித்து வைத்துத்தான் இங்கே வாழ்க்கை, டிரம் இல்லாத வீடு கிடையாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இந்த நல்ல தண்ணீர் போதும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டவைத்துவிடும். டிரம்மைக் காலி செய்து காயவைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பயனில்லை. தேங்காய் நாரில் கல் உப்பைத் தொட்டு, உள்சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும், தண்ணீர் நின்ற கோட்டில் இன்னும் அழுத்தி. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகிறது. வாரம் ஒரு நாள் தேய்த்தால் நாம் முந்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை, என் மகனுடைய வேலை. வீட்டு வேலைப் பட்டியல் பெண்களுக்கு மட்டும் எழுதப்படுகிற வரைக்கும் எந்த ஒழுங்கும் நிலைக்காது என்பது என் தீர்மானமான எண்ணம்.

2012 வாக்கில் சென்னை மாநகராட்சி கொசுவுக்காக நொச்சிக் கன்று கொடுத்தது. நொச்சி நல்ல செடி, தலைவலிக்கும் சளிக்கும் வேது பிடிக்க அதைவிட வேறு வேண்டாம். ஆனால் வாசலில் செடி நிற்பதாலேயே கொசு ஓடிப்போவதில்லை. இலையைப் புகைத்தால் விலகும். அந்தப் புகையைத்தான் என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை. வெளியே இத்தனை புகை இருக்கிற ஊரில், ஜன்னலைச் சாத்திய அறைக்குள் நாமே இன்னொரு புகையைப் போட்டால் குழந்தைகளின் நெஞ்சு என்னாகும்? இளைப்பு இருக்கிற வீட்டில் சாம்பிராணி, கொசுவத்தி இரண்டுமே ஒன்றுதான். கொசுவலை கட்டுங்கள்.

போகியைப் பற்றியும் இதே கருத்துதான் எனக்கு. வீட்டைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு பண்டிகை வைத்திருக்கிற ஜனங்கள் நாம். ஆனால் ஒழித்துக் கழித்ததையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்துகிறோம். 2018 போகியன்று புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. பழைய பாயும் தலையணையும் எரிந்த புகையில் டயர் வாடையும் கலந்தே வரும். போகியன்று மட்டும் மற்ற ஊர்க்காரர்களும் எங்களைப் போல ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அண்ணா நகரிலிருந்து ஒரு பெண் என்னிடம் துணி கொடுக்க வருவார். ஒருமுறை மழை விட்ட சாயங்காலம் வந்தவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார்: “எப்படிக்கா இந்த நாத்தத்துல இருக்கீங்க?”

“உங்க அண்ணா நகர் குப்பையும் இங்கதாம்மா வருது” என்றேன். எனக்குக் கோபமில்லை, அவருக்கு அது நிஜமாகவே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நாங்க என்னக்கா பண்ணணும்?” என்றார்.

இதை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. தென்பகுதிக் குப்பை பெருங்குடிக்குப் போகிறது, வடக்கேயும் மேற்கேயும் உள்ளது எங்களிடம் வருகிறது. 1980களிலிருந்து கொட்டிக் கொட்டி, 250 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது இந்த மேடு. இங்கே கிடக்கிற பழைய குப்பை மட்டும் 66 லட்சம் டன் என்று கணக்கிட்டு, தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறையைப் பளிச்சென்று வைத்துக்கொண்டு, வாசலில் வைத்த கவரை மறந்துபோனதில்தான் இந்த மேடு வளர்ந்தது.

நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்குப்பை: காய்த்தோல், சோறு, மீன்செதில், வாழையிலை. தனியாக இருந்தால் இது உரம். பிளாஸ்டிக்கோடு சேர்த்து முடிச்சுப் போட்டு மேட்டில் புதைந்தால், காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. வெயில் காலத்தில் மேடு தானாகப் பற்றிக்கொள்வதும் நாள்கணக்கில் புகைவதும் அதனால்தான். என் லைனிங் துணியில் படிகிற கரியில் எத்தனையோ வீட்டுச் சமையலறைகளின் பங்கு இருக்கிறது.

இப்போது இதற்குத் தீர்வு என்று நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை இங்கேயே கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் வடசென்னைக் குடியிருப்போர் சங்கங்கள் மனிதச் சங்கிலி நடத்தி அதை எதிர்த்தன. நானும் எதிர்க்கிறேன். அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றையும் வடசென்னை ஏற்கெனவே சுமக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதக் கடைசியில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியில் ஓடியதும் மறந்துவிடக் கூடியவை அல்ல. அதோடு ஈரக்குப்பை லேசில் எரியாது, அதை உலர்த்தவே சூடு செலவாகும். அதைத் தனியாகப் பிரித்துவிட்டாலோ, எரிக்க மிஞ்சுவது பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் புகை எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். நிறையக் குப்பை வந்தால்தான் ஓடும் என்ற ஆலையைக் கட்டிவிட்டு, குப்பையைக் குறையுங்கள் என்று ஜனங்களிடம் சொல்ல முடியுமா?

அந்தச் செலவில் ஒவ்வொரு வார்டிலும் உரக்கூடம் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பிரித்துக் கொடுத்த குப்பை, கடைசி வரை பிரித்தபடியே போய்ச் சேர வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லி 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்துவிட்டன. நாப்கினையும் குழந்தைகளின் டயப்பரையும் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. குப்பையைக் கையால் பிரிக்கிறவர்கள் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். உடைந்த டம்ளரையும் ஊசியையும் அவர்கள் விரல் கண்டுபிடிக்கிற நிலை வரக் கூடாது.

வீட்டிலேயே உரமாக்க இடமில்லை என்பார்கள். எங்கள் மாடியில் இருப்பது பழைய பெயிண்ட் வாளிகள், பக்கத்தில் ஓட்டை போட்டவை. தினமும் விழுகிற காய்த்தோலின் மேல் ஒரு கை தேங்காய் நார்த்தூள், வாரம் ஒருமுறை புளித்த மோர் ஒரு டம்ளர். நார்த்தூள் ஈரத்தைக் குடித்துக்கொள்வதால் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. ஈரம் அதிகமாகிப் புழு வந்தால் இன்னும் நார்த்தூள் போட்டுக் கிளறிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீன் வாங்கினால் கழிவை இந்த வாளியில் போடுவதில்லை, பூனை வரும். சம எடை வெல்லத்தோடு தனி டப்பாவில் மூடி வைத்தால் சில வாரங்களில் மீன் அமிலமாகிறது. அதில் ஒரு ஸ்பூனை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து கறிவேப்பிலைக்கும் ரோஜாவுக்கும் ஊற்றுகிறேன். தையல் வெட்டுத்துணி முழுக்கத் துடைக்கிற துணியாகவும் மிதியடியாகவும் ஆகிவிடுகிறது. மாடியே இல்லாதவர்கள் பிரித்துக் கொடுத்தாலே பெரிய காரியம்.

அண்ணா நகர் பெண்ணுக்கு நான் சொன்னது மிகச் சின்ன விஷயம். சமையலறை வாளிக்குள் பாலித்தீன் கவர் போடுவதை நிறுத்துங்கள். பழைய செய்தித்தாளை இரண்டாக மடித்து அடியிலும் பக்கத்திலும் வரும்படி விரியுங்கள், அதில் ஈரக்குப்பையை மட்டும் போடுங்கள், வண்டி வந்ததும் அப்படியே கவிழ்த்துக் கொடுத்துவிட்டு வாளியைக் கழுவி வெயிலில் வையுங்கள். அடுத்த முறை பிளவுஸ் வாங்க வந்தபோது, தாள் நனைந்து கிழிகிறது, என்ன செய்ய என்று கேட்டார். அடியில் ஒரு கை மரத்தூள் போடச் சொன்னேன். தச்சுப்பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.